ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவல் கியர்பாக்ஸுக்கு மாறிய பின் ஐட்லிங் தடுமாறினால்: பழுதைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு மேனுவல் பொருத்திய வண்டியில் ஐட்லிங் (பெடலைத் தொடாதபோது எஞ்சின் மெல்ல ஓடுவது) தடுமாறத் தொடங்கினால், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது, அப்போது எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வைத்தான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். பிறகு புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்துவார்கள். அப்போதும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) முள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் வரை ஒழுங்காக வேலை செய்த வால்வு, கியர்பாக்ஸ் மாறிய அன்று தானாகக் கெட்டுப்போவதற்குக் காரணம் ஏதுமில்லை. எனவே இந்த வழிகாட்டி ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு செல்கிறது: இந்த வேலையின்போது எது தொடப்பட்டது, எது துண்டிக்கப்பட்டது, எது இல்லாமலே போனது?

எஞ்சினின் உள்ளே எதுவும் மாறவில்லை. மாறியவை மூன்று. கியர்பாக்ஸை இறக்கும்போது எஞ்சின் பின்பக்கமாகச் சாய்ந்ததில் ரப்பர் குழாய்களும் வயர்களும் இழுபட்டிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதிர்பார்த்துக்கொண்டிருந்த சிக்னல்கள் நின்றுபோயிருக்கும். எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைத்த டார்க் கன்வர்ட்டர் போய், கனமான சுழல்தட்டான ஃப்ளைவீலும் கிளட்சும் வந்ததால், கிராங்க்ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் எடையும் மாறியிருக்கும். மாற்றத்துக்கு முன்பே ஐட்லிங் சரியில்லாத வண்டியாக இருந்தால் மட்டும், ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன், எரிபொருள் அழுத்தம் ஆகியவற்றை முதலில் சோதித்துவிட்டு இங்கே திரும்புவது நல்லது.

படி 1: எப்போது தடுமாறுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன் வண்டியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஐட்லிங் சரியில்லை என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. அது சரியில்லாமல் போகும் தருணம்தான் பாதி விடையைக் கொடுக்கிறது.

வண்டி நிற்கும்போதே, எந்தப் பெடலையும் தொடாமலே, ஆர்பிஎம் ஏறக்குறைய 1,000-க்கும் 2,000-க்கும் இடையே ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடான த்ராட்டிலைத் தாண்டி வேறு வழியாகக் காற்று உள்ளே போகிறது என்று கருதலாம். த்ராட்டில் மூடியிருக்கும் நிலையில் ஆர்பிஎம் ஓர் எல்லையைக் கடந்தால், வண்டி இறக்கத்தில் உருள்வதாக நினைத்து இசியு எரிபொருளை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுந்ததும் மறுபடி கொடுக்கிறது. அதிகப்படியான காற்று இருப்பதால் மறுபடியும் எல்லையைக் கடக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு இதுதான் காரணம்.

ஆர்பிஎம் 1,300, 1,500 என்று ஒரே இடத்தில் உயர்ந்து நின்றுவிட்டால், த்ராட்டில் முழுவதும் மூடாமல் இருக்கலாம். கூலன்ட் வெப்பநிலை தவறாகப் பதிவாகலாம். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (காற்று எஞ்சினுக்குள் போகும் குழாய்த்தொகுதி) காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள எஞ்சினாக இருந்தால் அதுவும் காற்றுக் கசிவாகவே இருக்கலாம். நின்ற இடத்தில் நன்றாக இயங்கும் எஞ்சின், ஓடிவந்து நிறுத்தும்போது கிளட்சை மிதித்ததும் சரிந்து அணைந்துவிட்டால், வேக சென்சாரையும் ஃப்ளைவீலையும் பார்க்க வேண்டும். கிளட்ச் பெடலை மிதிக்கும்போதோ விடும்போதோ மட்டும் ஆர்பிஎம் மாறினால் பழுது இயந்திரப் பகுதியில் இருக்கிறது. ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் நடுங்கினால் அது ஐட்லிங் பழுதே இல்லை. சுழலும் பாகங்களின் பேலன்ஸ் அல்லது எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் தொடர்பானது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் சூடேறிய பிறகும் நடத்தை வேறுபடுகிறதா என்பதையும், ஏசி போட்டால் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளையும் (கோடுகள்) ஃப்யூவல் ட்ரிம்மையும் பாருங்கள்

வேலை தொடங்குவதற்கு முன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். இதுவரை ஆட்டோமேட்டிக்காக இருந்த வண்டியில் ஸ்டார்ட்டர் பாதுகாப்பு வயரை நேராக இணைத்திருந்தால், கியரில் இருக்கும்போதும் ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி தாவும். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் சேரும்.

ஓபிடி-2 என்னும் பழுதறியும் இணைப்பு உள்ள வண்டியில் முதல் ஸ்கேனிலேயே ஒரு பட்டியல் வந்து நிற்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தொடர்பான பி0700, பி0705, பி0740 போன்றவை, பழைய இசியு தன் கியர்பாக்ஸைத் தேடுவதன் அடையாளம். ஐட்லிங்குக்கு நேரடித் தொடர்புடையவை வேறு: எதிர்பார்த்ததைவிட ஐடில் குறைவு என்னும் பி0506, அதிகம் என்னும் பி0507, வேக சென்சார் சிக்னல் இல்லை என்னும் பி0500, கலவையில் எரிபொருள் போதவில்லை என்னும் பி0171, கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சாருக்கான பி0335. இவற்றில் பி0705-ஐ மட்டும் பயனற்றது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கியர் நிலையை அறிய முடியவில்லை என்று அது சொல்வது ஐடில் இலக்கையும் பாதிக்கும், படி 6-இல் அதைப் பார்க்கிறோம். கோடுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அழித்துவிடுங்கள்.

அடுத்து ஃப்யூவல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய இசியு எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம். எஞ்சின் நன்கு சூடேறிய பின், ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் குறுகிய கால, நீண்ட கால ட்ரிம் மதிப்புகளைக் கூட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் கூடுதல் 15 சதவீதம், 2,500-இல் ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தால் அது காற்றுக் கசிவின் கையெழுத்து: கசியும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறாமல் இருக்க, மொத்தக் காற்று கூடக் கூட அதன் பங்கு சிறுத்துப்போகிறது. இரு இடத்திலும் கூடுதலாகவே இருந்தால் எரிபொருள் பம்ப், ஃபில்டர் அல்லது காற்றின் அளவைப் பார்க்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைச் சந்தேகிக்கலாம். இந்த விதி மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினுக்கே முழுமையாகப் பொருந்தும். மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடும் எஞ்சினில், கசிந்த காற்றும் அழுத்தமாகப் பதிவாகி அதற்குரிய எரிபொருளும் போய்விடும். ட்ரிம் ஒழுங்காகத் தெரியும், ஆர்பிஎம் மட்டும் உயர்ந்து நிற்கும். இந்த வேறுபாட்டை அறியாமல், ட்ரிம் சரியாக இருப்பதால் கசிவு இல்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

படி 3: காற்றுக் கசிவைத் தேடுங்கள்

கியர்பாக்ஸ் மாற்றத்துக்குப் பின் வரும் ஐட்லிங் பழுதுகளில் முதலில் தேட வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. காரணம், கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் கூடான பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளை எட்டுவதற்காக எஞ்சினின் பின்பகுதியைச் சாய்க்காமல் இந்த வேலை நடப்பது அரிது.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து பார்த்தால் அது முழுதாகத்தான் தெரியும். கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றி, இரு கைகளாலும் பிடித்து வளைத்து, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். பழைய ரப்பரில் விரிசல் பெரும்பாலும் கீழ்ப்பக்க மடிப்பின் அடியில்தான் இருக்கும். வளைக்காதபோது இரு உதடுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும், வளைத்ததும் உள்ளே வெளிச்சம் தெரியும். எஞ்சின் ஓடும்போது அது மவுன்ட்டின் மேல் அசையும் ஒவ்வொரு முறையும் இந்த விரிசல் திறந்து மூடுவதால், ஐட்லிங் ஒரு நேரம் சரியாகவும் ஒரு நேரம் மோசமாகவும் இருக்கும். டேப் சுற்றி ஒப்பேற்றாமல் குழாயையே மாற்றிவிடுங்கள்.

அடுத்தவை பிரேக் பூஸ்டர் குழாய், எஞ்சினின் உள்வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி குழாய், எரிபொருள் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வின் குழாய். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக இடுக்கியால் மெல்ல நெரித்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் குழாயை நெரித்ததும் ஐட்லிங் சீராகிவிட்டால் கசிவு பூஸ்டர் பக்கம் இருக்கிறது. பர்ஜ் வால்வு ஐட்லிங்கில் பெரும்பாலும் மூடியோ மிகக் குறைவாகத் திறந்தோ இருக்க வேண்டும். அதன் குழாயை நெரித்ததும் பெரிய மாற்றம் தெரிந்தால் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

பழைய வண்டிகளுக்கு உரிய ஒரு கசிவு, இந்த வேலையில் மட்டுமே வருவது: வேக்யூம் மாடுலேட்டர். ஜிஎம்மின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, ஃபோர்டின் சி4, சி6 போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு எஞ்சின் மீதான சுமையைத் தெரிவிக்க, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்யூம் குழாய் ஓடும். கியர்பாக்ஸ் போன பின் அந்தக் குழாயின் கீழ்முனை வண்டிக்கு அடியில் திறந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாக் குழாய்களும் இணைக்கப்பட்டிருப்பதாகவே தோன்றும். மேனிஃபோல்டில் அது புறப்படும் இடத்திலேயே ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுங்கள்.

கண்ணுக்கு அகப்படாத கசிவுக்குப் புகை இயந்திரமே நம்பகமானது: இன்டேக்குக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் வெளியேறும் இடம் தெரிந்துவிடும். கார்பரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது; சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் பட்டால் தீப்பிடிக்கும் பொருள் அது. சந்தேகமான மூட்டில் தண்ணீரைப் பீய்ச்சினாலும் கசிவுள்ள இடத்தில் ஒலியும் ஆர்பிஎம்மும் கணநேரம் மாறும். மின் இணைப்புகளை நனைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வேக்யூம் கேஜ் இருந்தால் இன்னும் எளிது. நல்ல நிலையிலுள்ள சாதாரண எஞ்சின் கடல் மட்டத்தில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். முள் நிலையாக, ஆனால் தாழ்வாக நின்றால் கசிவு அல்லது தாமதமான இக்னிஷன் டைமிங். ஒரே சீராகத் துடித்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு பழுது.

படி 4: த்ராட்டில் முழுமையாக மூடுகிறதா?

ஆக்ஸிலரேட்டர் கேபிள் உள்ள வண்டியில், கிளட்ச் பெடல் பொருத்துவதற்காகப் பெடல் சட்டமே மாற்றப்பட்டிருக்கும். அப்போது கேபிளின் பாதையோ நீளமோ சற்று மாறியிருக்க வாய்ப்பு உண்டு. பெடலை முழுவதும் விட்ட நிலையில் கேபிளில் சில மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். கேபிளை த்ராட்டிலிலிருந்து கழற்றியதும் ஆர்பிஎம் இறங்கிவிட்டால் வேறு சோதனை தேவையில்லை. பெடலை ஆழ மிதித்தால் கியரைக் குறைக்கும், ஆட்டோமேட்டிக்குக்கு உரிய கிக்டவுன் கேபிளும் அதே த்ராட்டில் சக்கரத்தில்தான் மாட்டியிருக்கும். அதைக் கீழே மட்டும் கழற்றிவிட்டு மேலே அப்படியே விட்டிருந்தால், மடங்கிக் கிடக்கும் கேபிள் த்ராட்டிலை ஒரு நூலளவு திறந்தே வைத்திருக்கும். முழுவதுமாக அகற்றிவிடுங்கள்.

பிறகு த்ராட்டில் பொசிஷன் சென்சார். மல்டிமீட்டரை சிக்னல் வயரிலும் சென்சார் எர்த்திலும் வைத்து, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். மூடிய நிலையில் பெரும்பாலான வண்டிகளில் 0.5 வோல்ட்டை ஒட்டியும், முழுவதும் திறந்த நிலையில் 4.5 வோல்ட்டை ஒட்டியும் காட்டும்; சரியான எண்ணை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும். த்ராட்டிலை மிக மெதுவாகத் திறக்கும்போது எண் இடையில் எங்கும் குதிக்காமல் ஏற வேண்டும். மூடிய நிலை மதிப்பு சற்று உயர்ந்திருந்தாலும், கால் பெடலின் மேல் இருப்பதாக நினைத்து இசியு ஐடில் கட்டுப்பாட்டையே கைவிட்டுவிடும். மோட்டாரால் இயங்கும் எலெக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால், இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலால் தகட்டைத் தள்ளிப் பார்க்காதீர்கள். அது மூடினால் விரலை நசுக்கும்.

படி 5: எர்த் வயர்களும் கனெக்டர்களும்

பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட் ஒன்றில் பாடிக்குப் போகும் எர்த் பட்டை இருப்பது வழக்கம். புதிய கியர்பாக்ஸில் அந்தப் போல்ட்டின் நீளம் வேறாக இருக்கும், பட்டை மாட்டப்படாமல் விடுபடும். சென்சார்களின் எர்த்தில் வோல்ட் உயர்ந்தால் அவை அனுப்பும் எல்லா மதிப்புகளும் ஒரே நேரத்தில் பொய்யாகும். சோதனை எளிது: எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே வோல்ட் அளவிடுங்கள். 0.2-க்குக் கீழே இருக்க வேண்டும்; ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5-க்கு மேல் போகக் கூடாது. ஆக்சிஜன் சென்சாரின் வயர் கியர்பாக்ஸை ஒட்டிப் போவதால், அது எக்ஸாஸ்ட்டில் பட்டு உருகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: இசியு எதிர்பார்க்கும் சிக்னல்கள்

மாற்றத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இயந்திர வேலையை அழகாகச் செய்பவர்கள்கூட, பழைய கியர்பாக்ஸோடு போன கனெக்டர்களில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்காமல் டேப் சுற்றி ஒதுக்கிவிடுகிறார்கள்.

பார்க்-நியூட்ரல் சுவிட்சை முதலில் எடுத்துக்கொள்வோம். அது மூன்று வேலை செய்கிறது: ஸ்டார்ட்டரை அனுமதிக்கிறது, ரிவர்ஸ் விளக்கை எரியவைக்கிறது, கியர் நிலையை இசியுவுக்குச் சொல்கிறது. மூன்றாவதுதான் மறக்கப்படுகிறது. ஆட்டோமேட்டிக்கில் டிரைவுக்கு மாற்றியதும் டார்க் கன்வர்ட்டர் எஞ்சினை இழுக்கும். அதை ஈடுகட்ட இசியு ஐடில் காற்றைக் கூட்டும், பெரும்பாலும் ஐடில் இலக்கையும் சற்றுத் தாழ்த்தும். சுவிட்ச் வயர் அறுந்து கிடந்தால் பல வண்டிகளில் இசியு எப்போதும் டிரைவில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். இல்லாத சுமைக்காகக் காற்றைக் கொடுப்பதும், ஆர்பிஎம் உயர்ந்ததும் குறைப்பதுமாக அது திணறும்.

வயரை நிரந்தரமாக எர்த் செய்து, எப்போதும் நியூட்ரல் என்று காட்டிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. நின்ற இடத்தில் ஐட்லிங் சீராகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கியரில் உருண்டு வேகம் குறையும்போது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் கணக்கை இசியு தவறாகப் போடும். மேனுவல் கியர்பாக்ஸில் நியூட்ரல் சுவிட்ச் இருந்தால் அதையும், பெடலிலுள்ள கிளட்ச் சுவிட்சையும் பயன்படுத்தி, நியூட்ரலிலோ கிளட்ச் மிதித்தபோதோ மட்டும் இசியு அந்தச் சிக்னலைப் பெறுமாறு அமைப்பதுதான் சரி. ஸ்டார்ட்டர் சுற்றுக்குக் கிளட்ச் சுவிட்சைத் தனியாக வைத்து, பெடலை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாதபடி செய்யுங்கள். சில வண்டிகளில் இசியுவுக்கான வயரும் ஸ்டார்ட்டர் சுற்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். வயரிங் வரைபடம் இல்லாமல் அவற்றை இணைத்தால் எர்த்தை எதிர்பார்க்கும் இசியு முனைக்குள் 12 வோல்ட் பாய்ந்து அது கருகிவிடும்.

அடுத்தது வேக சென்சார். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை இசியு இதிலிருந்துதான் அறிகிறது. ஓடும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டால், பல இசியுகள் ஆர்பிஎம்மைச் சட்டென்று விழவிடாமல் ஐடில் வால்வைச் சற்றுத் திறந்து வைத்து, வண்டி நின்ற பிறகே முழு இலக்குக்கு இறக்கும். சிக்னல் இல்லையென்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியும் நிற்பதாகவே கருதப்படும். கிளட்சை மிதித்த கணத்தில் ஆர்பிஎம் சரிந்து இலக்கைக் கடந்து கீழே போய் எஞ்சின் அணையும். சிக்னலை நேரடியாகச் சோதிக்க, இயக்கப்படும் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். மூன்று வயர் கொண்ட ஹால் வகை சென்சாராக இருந்தால் மீட்டரை சிக்னல் வயரில் வைத்து, சக்கரங்களை ஒரே திசையில் கையால் மெதுவாகச் சுற்றும்போது, எண் பூஜ்யத்தை ஒட்டிய மதிப்புக்கும் 5 அல்லது 12 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வரும். இரண்டு வயர் கொண்ட காந்த வகை இந்த மெதுவான சுற்றலுக்கு எதையும் காட்டாது. அதை வேகமாகச் சுழற்றி, ஏசி வோல்ட்டில் அளக்க வேண்டும்.

சிக்னல் வருவதோடு முடிந்துவிடவில்லை, அதன் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். பல ஜப்பானிய வண்டிகளில் சென்சாரின் தண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 637 முறை சுழலும், ஒரு சுற்றுக்கு 4 துடிப்பு தரும். அதாவது கிலோமீட்டருக்கு 2,548 துடிப்பு. வேறு குடும்பத்துக் கியர்பாக்ஸைப் பொருத்தியிருந்தாலோ, டிரைவ் கியரின் பல் எண்ணிக்கை மாறியிருந்தாலோ ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும். அதே தவறு இசியுவுக்கும் போகும். பல் எண்ணிக்கையைத் திருத்துங்கள், அல்லது துடிப்பை மாற்றித்தரும் மின்னணுப் பெட்டியை இடையில் வையுங்கள்.

கேன் பஸ் வழியாக எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பேசிக்கொள்ளும் புதிய வண்டிகளில் வயரை எர்த் செய்யும் உத்திகள் எடுபடா. கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி காணாமல் போனதும் யு0101 என்ற கோடு வரும், எஞ்சின் பாதுகாப்பு நிலைக்குள் போய்விடும். மேனுவல் வண்டிக்குரிய மென்பொருளை இசியுவில் ஏற்றுவது, அல்லது அதே எஞ்சின் கொண்ட மேனுவல் வண்டியின் இசியுவைத் திருட்டுத் தடுப்புப் பெட்டியோடு சேர்த்துப் பொருத்துவது என்ற இரண்டு வழிகளே நிலையானவை. இதை முடிவு செய்யாமல் இந்தத் தலைமுறை வண்டியில் கியர்பாக்ஸ் மாற்றத்தைத் தொடங்கவே கூடாது என்பேன்.

படி 7: ஃப்ளைவீல், கிராங்க் சென்சார், கிளட்ச்

சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் பெல் ஹவுசிங்கின் மேல் அமர்ந்து, ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள வெட்டுகளைப் படிக்கிறது. ஜீப்பின் 4.0 லிட்டர் எஞ்சின் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு: 1990 வரையிலான ரெனிக்ஸ் என்னும் எஞ்சின் கட்டுப்பாட்டு முறைக்கும் 1991 முதலான முறைக்கும் ஃப்ளைவீல் வெட்டுகள் வேறு. தவறான ஃப்ளைவீலைப் போட்டால் பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. ஃப்ளைவீல் சரியாக இருந்து சென்சாரின் இடைவெளி மட்டும் கூடியிருந்தால்தான் தொல்லை. தாழ்ந்த ஆர்பிஎம்மில் சிக்னல் பலவீனமாகி, ஐட்லிங்கில் மட்டும் விட்டுவிட்டு இயங்கும்.

பேலன்ஸ் வேறு விஷயம். ஃபோர்டின் 302 கன அங்குல எஞ்சின் 1980-களின் தொடக்கம் வரை 28 அவுன்ஸ்-அங்குல எதிர் எடையோடும், பிறகு 50 அவுன்ஸ்-அங்குல எதிர் எடையோடும் வந்தது. இவ்வாறு வெளியிலிருந்து பேலன்ஸ் செய்யப்பட்ட எஞ்சின்களுக்குப் பொருந்தாத ஃப்ளைவீலைப் போட்டால், ஐட்லிங்கில் லேசாகத் தொடங்கும் நடுக்கம் ஆர்பிஎம் ஏற ஏறக் கூடும். சிலிண்டரில் எரிதல் தவறும் மிஸ்ஃபயரால் வரும் நடுக்கம் இதற்கு மாறாக, ஆர்பிஎம் ஏறும்போது பெரும்பாலும் தணியும். பேலன்ஸ் தவறு என்று தெரிந்தால் வண்டியை ஓட்டக் கூடாது, பேரிங்குகள் தேயும்.

இலகுவான ஃப்ளைவீல் போட்டவர்கள் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். எண்ணெய் நிறைந்த டார்க் கன்வர்ட்டர் ஐட்லிங்கைத் தன் எடையால் சீராக்கிக்கொண்டிருந்தது. அந்த எடை போனதும் ஒவ்வொரு சிலிண்டரின் துடிப்பும் வெளியே தெரியும், கிளட்சை மிதித்ததும் ஆர்பிஎம் வேகமாக விழும். இது பழுதில்லை. ஐடில் இலக்கை 50 முதல் 100 வரை உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கிளட்சில் இரண்டு சோதனைகள் போதும். நியூட்ரலில் பெடலை மிதித்தபடி ஆர்பிஎம்மைப் பாருங்கள், மெல்ல விடுங்கள். விட்டதும் சற்று விழுந்து மீண்டால், கிளட்ச் இப்போது கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுற்றவைக்கிறது என்று பொருள், அது இயல்பு. குளிர்ந்த நிலையில் அதிகமாக விழுந்தால் ஆயிலைக் கவனியுங்கள்: போர்க்-வார்னர் டி5-இன் பிற்கால வகை போன்ற சில மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலே உரியது, பழக்கத்தில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றிவிட்டால் சூடேறும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். மாறாக, பெடலை மிதிக்கும்போது ஆர்பிஎம் விழுந்தால் கவலைப்பட வேண்டியிருக்கிறது. கிளட்ச் அழுத்தம் கிராங்க்ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது. கிராங்க்ஷாஃப்டின் முன்பின் அசைவைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருந்தால் அது உராய்ந்து எஞ்சினைப் பிடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, முன் புல்லியில் டயல் கேஜை வைத்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி அசைவை அளவிடுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெரிய வேலை காத்திருக்கிறது.

படி 8: கூலன்ட்டும் எக்ஸாஸ்ட்டும்

ஆட்டோமேட்டிக்கின் ஆயில் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள் இருந்ததால், பலர் ரேடியேட்டரையும் மாற்றுவார்கள். அப்போது உள்ளே அடைபட்ட காற்று வெப்பநிலை சென்சாரின் முனையில் நின்றால், எஞ்சின் குளிர்ந்திருப்பதாக இசியு நினைத்து ஐடிலை உயர்த்தும். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலை திடீர் திடீரென்று குதித்தால் காற்றை வெளியேற்றுங்கள். எக்ஸாஸ்ட் மூட்டில் கேஸ்கெட் சரியாக அமராமல் இருந்தால், ஆக்சிஜன் சென்சாருக்கு வெளிக்காற்று போய் ட்ரிம்மைக் கெடுக்கும். கரிப்படிவு அந்த மூட்டைக் காட்டிக்கொடுக்கும்.

படி 9: ஐடில் வால்வும் மறுகற்றலும்

ஐடில் வால்வுக்கு இப்போதுதான் முறை வருகிறது. வால்வையும் த்ராட்டில் தகட்டின் விளிம்பையும் அதற்குரிய கிளீனரால் துடையுங்கள். வால்வுக்கு இசியு கொடுக்கும் கட்டளையை ஸ்கேனரில் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது: ஏறக்குறைய முழுவதும் மூடச் சொல்லியும் ஆர்பிஎம் உயர்ந்திருந்தால் காற்று வேறு வழியில் வருகிறது, படி 3-க்குத் திரும்ப வேண்டும், முழுவதும் திறக்கச் சொல்லியும் தாழ்ந்திருந்தால் பாதை அடைத்திருக்கிறது அல்லது எஞ்சினை ஏதோ இழுக்கிறது. த்ராட்டில் தகட்டின் நிறுத்தத் திருகைத் திருப்பி ஐட்லிங்கைச் சரிசெய்ய முயல வேண்டாம். த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் மூடிய நிலை மதிப்பையும் அது கூடவே மாற்றிவிடும்.

கியர்பாக்ஸ் மாற்றத்துக்காகப் பேட்டரியைக் கழற்றியபோதே இசியு தான் கற்றுவைத்திருந்த ஐடில் மதிப்பை இழந்திருக்கும். மறுகற்றல் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். பல நிசான் வண்டிகளில் இதற்கென்றே பெடல், இக்னிஷன் வரிசையோ ஸ்கேனர் கட்டளையோ இருக்கிறது. பல ஹோண்டாக்களில் ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை 3,000 ஆர்பிஎம்மில் வைத்திருந்து, பின் சில நிமிடம் தொடாமல் ஐட்லிங்கில் விட வேண்டும். பழுது தீரும் முன் இதைச் செய்தால், கசிவையும் சேர்த்தே இசியு கற்றுக்கொள்ளும். கசிவை அடைத்த பிறகு எஞ்சின் அணையத் தொடங்கும்.

மறுகற்றலுக்குப் பின் சில நாள்கள் சாதாரணமாக ஓட்டிவிட்டு, மறுபடி ஸ்கேனரைப் போடுங்கள். பி0740 திரும்பி வந்திருந்தால் அது ஐட்லிங்கைத் தொடாது; எச்சரிக்கை விளக்கு உறுத்தினால் மென்பொருளில் நீக்கிக்கொள்ளலாம். பி0500 வந்திருந்தால் படி 6-இன் வேக சென்சார் சோதனையை மறுபடி செய்யுங்கள், இம்முறை கனெக்டரை அசைத்துக்கொண்டே. பி0171 மட்டும் தனியாக, குளிர்ந்த காலைகளில் வந்து வந்து போனால், புகை இயந்திரத்தை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு அப்போதுதான் அகப்படும்.